மச்சானின் காவடியை மொட்டையடித்த கதை

1

"அண்ணை, அந்த இறகு தின்னுற பூச்சி எங்கடை வீட்டுக்கும் வருமோ?"

போன வாரம் வைகாசி விசாகத்தன்று கோயிலில் ஒரு பெண் என்னை மறித்து இப்படிக் கேட்டாள். இடுப்பில் குழந்தை, முகத்தில் உண்மையான பயம். அவர்கள் வீட்டிலும் ஒரு காவடி இருக்கிறதாம். "அந்துருண்டை போட்டு வையுங்கோ தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, பிரசாத வரிசைக்குள் புகுந்து தப்பினேன். ஒரு வருடமாக எனக்கு இதே பிழைப்பு. ஸ்காபரோவில் மயிலிறகு வைத்திருக்கிற தமிழ் வீடுகளின் பேஸ்மென்ட் எல்லாம் இப்போது அந்துருண்டை மணக்கிறது. அதற்கு முழுக் காரணமும் நான்.

ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சறோவின் தமையன் நடராசாவின் காவடியை மொட்டையாக்கியது பூச்சி அல்ல. நான்தான். ட்ரவுட் மீன் பிடிப்பதற்காக அந்தப் பாவத்தைச் செய்தேன்.

இது தெரிந்தவர்கள் ரொறன்ரோவில் என்னோடு சேர்த்து மூன்று பேர். சறோ அந்த மூவரில் இல்லை. உங்கள் சஞ்சிகை கொழும்பிலிருந்து இங்கே வந்து சேர மூன்று மாதமாகும், வந்தாலும் அவள் சமையற் குறிப்பைத் தாண்டி வாசிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பனியைப் பற்றி எழுதும்படிதான் ஆசிரியர் கேட்டிருந்தார். பனியைப் பற்றி எழுதாத புலம்பெயர்ந்தவன் ஒருவனாவது உலகத்தில் இருக்கட்டுமே ஐயா.

2

நான் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் டியூட்டரியில் விலங்கியல் படிப்பித்தவன். 'பூச்சி மாஸ்ரர்' என்றால் தெரியும். எண்பத்தொன்பதில் இங்கே வந்தேன். அஜின்கோர்ட்டில் குடியிருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் 'தரக் கட்டுப்பாடு' என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். அதை வாசித்த சித்தப்பா எனக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார். எனக்குக் கீழே தயிர்ப் பெட்டி மூடிகள்தான். அவை பட்டியில் வரிசையாக வரும். கோணல் மூடியைக் கண்டால் எடுத்து எறியவேண்டும். நேரான மூடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அங்கே வால்டர் என்றொரு மெக்கானிக். என் வயதுதான். மதியச் சாப்பாட்டு மேசையில் சின்ன வைஸ் ஒன்றைப் பூட்டி, அதில் ஊசி அளவு தூண்டில் முள்ளை இறுக்கி, நூலும் இறகும் சுற்றிக்கொண்டிருப்பான். கனநாள் பார்க்காததுபோலப் பார்த்துவிட்டு, ஒருநாள் இது என்ன என்று கேட்டேன். மேஃப்ளை என்றான். ஆற்றிலே வசந்தத்தில் பொரித்து வரும் பூச்சி. அதைத்தான் ட்ரவுட் தின்னும். இது அதைப்போலச் செய்த பொய்ப்பூச்சி.

"எபெமெரொப்ரெரா?" என்றேன்.

வால்டரின் வாயிலிருந்த சான்ட்விச் நின்றுவிட்டது. மூடி பார்க்கிற மனிதன் இலத்தீன் பேசுகிறானே என்று அவனுக்கு. எனக்கு உள்ளுக்குள் வேறு கலக்கம். எபெமெரொப்ரெரா வருணத்தைப் பதினொரு வருடம் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். மூன்று வால், நிமிர்ந்த சிறகு, ஒரு நாள் வாழ்க்கை. ஆனால் அந்தப் பூச்சியைச் சீவியத்தில் கண்டதில்லை. கீறிக் கீறியே இரண்டு தலைமுறையை வைத்தியர்களாக்கி அனுப்பியிருக்கிறேன்.

ஏப்ரல் கடைசிச் சனி ட்ரவுட் பருவம் திறக்கும், வா, காட்டுகிறேன் என்றான் வால்டர்.

3

எங்களுக்கு ஒரே மகள், அபி. அப்போது பதின்மூன்று வயது. சாப்பிடும்போதும் காதில் வாக்மன். நான் பத்து வசனம் பேசினால் ஒரு "வட்டெவர்" திரும்பி வரும். அந்த வசந்தத்தில் அவளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. 'ஓடையில் உயிர்கள்' என்பது தலைப்பு. அதற்கொரு படிவம். கனடாவில் மூச்சு விடுவதற்கு மட்டும்தான் இன்னும் படிவம் வரவில்லை. மேசையில் கிடந்ததை எட்டிப் பார்த்தேன். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் அவள் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: மூடி.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு வரவில்லை.

"பிள்ளை, உந்த வேலைக்கு நான் உதவி செய்யட்டோ?" என்று கேட்டேன்.

"அப்பா, இட்ஸ் பக்ஸ். உங்களுக்கு விளங்காது."

எனக்குப் பூச்சி விளங்காதாம்! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, ஓடையைக் காட்டுகிறேன், காரில் ஏறு என்று மட்டும் சொன்னேன். அன்று அந்த ஏப்ரல் கடைசிச் சனி. பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு ஓடை. வால்டர் தன் பழைய இறப்பர்க் காற்சட்டை ஒன்றை எனக்குத் தந்தான். நெஞ்சுவரை ஏறும் அதற்குள் சேர்ட்டும் மஃப்ளருமாக நின்றேன். காலையிலிருந்து ஒரு பூச்சியும் இல்லை, மீனும் இல்லை. "இரண்டு மணிக்கு வரும்" என்றான் வால்டர், பஸ்ஸைச் சொல்வதுபோல.

பூச்சிக்கு முன்னே அதிகாரி ஒருவர் வந்தார். மரங்களுக்கிடையிலிருந்து சீருடை, இடுப்பில் துப்பாக்கி, ஒரு பெண். எங்கள் ஊரில் எத்தனை சோதனைச் சாவடி கடந்த கை! அது என்னைக் கேட்காமலே மேலே போயிற்று. கையோடு தூண்டிலும் போய் மரக்கிளையில் சிக்கிற்று. அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று அவர் சிரித்தபடியே கேட்டார். இல்லாமலா? எங்கே போனாலும் எல்லாப் பத்திரங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போகிற சாதி நாங்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். குடிவரவுக் கடதாசி. ஹெல்த் கார்ட். கலியாணப் பதிவு. அபி தடுப்பூசி போட்ட அட்டை. குடிவரவுக்காக எடுத்த என் நெஞ்சு எக்ஸ்ரே. அந்த அம்மா எக்ஸ்ரேயைச் சூரியனுக்குப் பிடித்துப் பார்த்து, நுரையீரல் நல்லாயிருக்கிறது, மீன்பிடி அனுமதி எங்கே என்றார். அது பையின் அடியில் கிடந்தது.

"ஓ மை கோட், அப்பா" என்று அபி முகத்தைப் பொத்திக்கொண்டு காருக்குள் போய்விட்டாள்.

சரியாக இரண்டு மணிக்கு அது தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. கல்லுக்கடியில் ஒரு வருடம் கிடந்த பூச்சிகள் நீரின் மேலே வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, சிறகை நிமிர்த்திக் காய விட்டுக்கொண்டு மிதந்து வந்தன. கீழேயிருந்து மீன்கள் பொளக் பொளக்கென்று வாய் வைத்தன. நான் தூண்டிலைக் கைவிட்டேன். ஒரு பூச்சி என் கையில் வந்து இருந்தது. மூன்று வால். நிமிர்ந்த சிறகு. எல்லாம் நான் கீறிய அதே ஒழுங்கில். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கம் என்ன.

"அபி! ஓடி வா! இஞ்சை பார்!"

அவள் வந்தாள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று டியூட்டரியில் கத்திய அதே குரலில் கத்தினேன். "கவனி! இன்னும் ஒருக்காச் சட்டை கழட்டினால் இது நிறையுடலி, முழுசா வளர்ந்த பூச்சி. இனி வளராது. தின்னவும் மாட்டாது. ஏன் தின்னாது? வாய் இல்லை! சமிபாட்டுத் தொகுதி முழுக்க வெறும் காற்று! கலியாணம் கட்டும், முட்டை இடும், செத்துப்போகும்!"

"பாவம், உன்ரை அப்பர் மாதிரி வாயில்லாப் பூச்சி எண்டு அம்மா சொல்லுவா" என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் அதற்குச் சிரிக்கவில்லை. வாக்மனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வெயிட். நீங்கள் உண்மையாவே ரீச்சரா இருந்தனீங்களோ?"

"பதினொரு வருசம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியவில்லை. வீடு வரும்வரை அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். எந்தப் பூச்சி எந்தக் கல்லின் கீழ், ஏன் கறுப்பு, ஏன் மூன்று வால். ஒரு கேள்விக்கும் 'வட்டெவர்' இல்லை.

4

அதன்பிறகு ஒவ்வொரு சனியும் போனோம். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவோம் என்று கேட்டதும் சறோவுக்கு விசர் பிடித்தது. "விடுறதுக்கு ஏன் பிடிக்கிறியள்? பேசாமல் வீட்டிலை இருந்தால் அது தன்ரை பாட்டிலை விட்டபடிதானே இருக்கும்" என்றாள்.

பொய்ப்பூச்சி கட்டுவது அபியின் வேலை. விரல் நயம் அவளுக்கு. வடிவமைப்பு என் பொறுப்பு. மேஃப்ளையின் வயிறு ஒன்றுவிட்டொரு வளையமாக வெளிர், கருமை, வெளிர், கருமை என்றிருக்கும். அதை நூலால் கொண்டுவர முடியவில்லை. மயிலிறகுக் கண்ணின் இழை ஒன்றை எடுத்து, மயிரை வழித்துவிட்டுச் சுற்று, அச்சாய் அதே வளையம் வரும் என்று வால்டர் சொன்னான்.

மயிலிறகு! அது எங்கள் பேஸ்மென்டில், வீடு சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில், படுக்கை விரிப்பால் மூடிக் கிடந்தது.

நடராசா பதினான்காம் மாடியில் குடியிருக்கிறார். காவடி வைக்க இடமில்லை என்று எங்கள் வீட்டில் விட்டிருந்தார். கனடாவுக்கு உயிரோடு வந்து சேர்ந்தால் ஏழு வருடம் காவடி எடுப்பதாக அவருக்கு நேர்த்திக்கடன். ஆறு முடிந்துவிட்டது. அந்த இறகுகளைப் பற்றி அவர் சொல்லாத கலியாண வீடு கிடையாது. "நல்லூர்த் தேரடியிலை வாங்கினது. கொழும்பு வரைக்கும் மடியிலை வைச்சுக்கொண்டு வந்தனான். உந்தக் கனடா மயிலெல்லாம் மயிலோ?" என்று மீசையைத் தடவுவார்.

ஒரு இழைதானே என்று தொடங்கினேன். விரிப்பைத் தூக்கி, கன்னத்தில் போட்டு, "முருகா, படிப்பு விசயம்" என்று சொல்லி ஒரே ஒரு இழை பிடுங்கினேன். அது முறிந்துவிட்டது. இன்னொன்று. அபி சுற்றும்போது அதுவும் அறுந்தது. ஒரு நல்ல பூச்சி தேறுவதற்குள் ஒரு கண் முழுக்கச் செலவு. ஓடைக்கரை மரங்கள் ஒரு சனிக்கு எட்டுப் பூச்சி தின்னும். சுவர்ப்பக்கத்து இறகில் மட்டும் எடுப்பது என்று ஒழுங்கு வைத்திருந்தேன். இரண்டு வாரத்தில் சுவர்ப்பக்கம் முடிய, சுவர்ப்பக்கத்துக்கு அடுத்த பக்கம் என்று ஒழுங்கைத் திருத்தினேன். இறகெல்லாம் எங்கே வாங்குகிறீர்கள் என்று அபி கேட்டபோது, "ஒரு தெரிஞ்ச இடம்" என்றேன்.

ஒன்று கவனித்தேன். சிவப்புத் துணிக்குக் கீழே ஒவ்வொரு இறகுக் கட்டின் அடியிலும் பச்சை றப்பர் வளையம் ஒன்று போட்டிருந்தது. நல்லூரில் இப்படியும் கட்டுகிறார்களாக்கும் என்று விட்டுவிட்டேன்.

5

விசாகத்துக்கு முதல் நாள், சனி காலை. நாங்கள் தூண்டிலைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நடராசா காவடியை எடுத்துப்போக வந்து இறங்கினார். கோயிலுக்கு நாளைக்குத்தானே என்றிருந்த நான் விறைத்துப் போனேன். அவர் பேஸ்மென்டுக்கு இறங்கி விரிப்பை இழுத்தார்.

நாற்பது இறகு நின்றது. ஒன்றிலும் கண் இல்லை. வெறும் ஈர்க்குகள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றாகப் பிடுங்கியபோது அவ்வளவு தெரியவில்லை.

"ஐயோ! என்ரை முருகா! ஆர் உந்த அநியாயம் செய்தது?"

சறோ மாப் பிசைந்த கையோடு ஓடி வந்தாள். "எலியோ அண்ணை?"

"எலியெண்டால் துணியையும் கடிக்குமெல்லோ. உது பூச்சி. பூச்சி அரிச்சிருக்கு." அவர் என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீர் பூச்சி மாஸ்ரர் தானே. சொல்லும், உது என்ன பூச்சி?"

ஏழு வருடத்தில் முதல்முறையாக அவர் என்னைப் பூச்சி மாஸ்ரர் என்றார். அதுவரை 'மூடி மாஸ்ரர்'. என் மண்டைக்குள் ஒரே ஒரு பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"எபெமெரொப்ரெரா" என்றேன்.

"அப்பிடியெண்டால்?"

"வைகாசியிலை வாற பூச்சி. மயிலிறகிலை கண்ணை மட்டும் தேடித் தின்னும். கனடாவிலைதான் உண்டு."

"கண்ணை மட்டும் தின்னுமோ? சனியன் பிடிச்ச நாடு!" என்று நடராசா படிக்கட்டில் குந்திவிட்டார். "ஏழாம் வருசம் மச்சான். நாளைக்கு வெறுங்காவடியோ தூக்குறது?"

நான் நிமிர்ந்தேன். மேல்படியில் அபி நின்றாள். கையில் பொய்ப்பூச்சிப் பெட்டி. பெட்டியைப் பார்த்தாள், ஈர்க்குகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

"பின்னேரம் வாரும் மச்சான், இறகு கட்டி வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு நானும் ஓடினேன்.

காரில் அவள் வாக்மனை மாட்டிக்கொண்டாள். நெடுஞ்சாலையில் ஏறியபிறகு ஒரு காதை மட்டும் கழற்றினாள்.

"மேஃப்ளைக்கு வாயில்லை."

"ஓம் பிள்ளை."

"நீங்கள்தான் சொன்னனீங்கள்."

"ஓம்."

"அப்ப நீங்கள் ரீச்சர் எண்டு சொன்னதும் பொய்யோ?"

காரை ஓரமாக நிறுத்தினேன். லொறிகள் காரை உலுப்பிக்கொண்டு போயின. சான்றிதழ்கள் எல்லாம் என் பிளாஸ்டிக் பையில் இருந்தன, எக்ஸ்ரேயும் இருந்தது. ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. அந்த நாலு சனிக்கிழமையும் கையைவிட்டுப் போகிறதென்று பயந்தேன்.

"அது உண்மை. மற்றதுதான் பொய். மாமாவுக்கு நானே சொல்லுறன்" என்றேன்.

"எப்ப?"

"இண்டைக்கே."

அவள் வாக்மனைத் திரும்ப மாட்டவில்லை.

6

வால்டர் சொன்ன தூண்டில் கடை விட்பியில் இருந்தது. உள்ளே போனால், சுவர் முழுக்க மயிலிறகு! பொய்ப்பூச்சி கட்டுகிறவர்களுக்காகப் பைபையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். இருந்த அத்தனையையும் தாருங்கள் என்றதும் கடைக்காரர் அவ்வளவுக்கு எத்தனை பூச்சி கட்டப்போகிறாய் என்று கேட்டார். ஒன்றுதான், பெரியது என்றேன்.

அபி ஒரு பையை உடைத்து, இது சரியோ என்று இறகுக் கட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அடியில் பச்சை றப்பர் வளையம். காவடியிலும் இதே வளையம்தான் என்றேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நல்லூர்த் தேரடி! எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. பிடித்தேன் கள்ளனை என்று துள்ளினேன். இனி யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று பார்ப்போம் என்றேன்.

"நோ. நீங்கள்தான் முதல் சொல்லுறது. இதைப் பற்றிக் கதைக்கக்கூடாது" என்றாள் அபி.

"அந்த மனுசன் ஆறு வருசமா..."

"அப்பா!"

சரி என்றேன். அவள் தாயின் குரலும் அதுதான்.

பின்னேரம்வரை பேஸ்மென்டில் அபி இறகு கட்டினாள். பொய்ப்பூச்சி நூல், பொய்ப்பூச்சி முடிச்சு. மயில் உயிரோடு எழும்பி வந்தாலும் அவிழ்க்கமுடியாது. நடராசா வந்தார். காவடியைச் சுற்றி வந்து பார்த்தார். அபி கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மச்சான், பூச்சி அரிக்கேல்லை. நான்தான் பிடுங்கினனான். மீன் பிடிக்க" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. குனிந்து சிவப்புத் துணியை விலக்கி அடிக்கட்டைப் பார்த்தார். பச்சை வளையத்தைப் பெருவிரலால் தடவினார். மேலே சறோ தாளிக்கிற சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"விட்பிக் கடையோ?"

நான் அபியைப் பார்த்தேன். அபி கூரையைப் பார்த்தாள்.

"எயார்போட்டிலை பறிச்சுப் போட்டாங்கள், மச்சான்" என்றார் நடராசா. "பறவைச் சாமான் கொண்டுவரக்கூடாதாம். மடியிலை வைச்சுக் கொண்டுவந்த இறகு. குப்பைக்குள்ளை போடேக்கை நான் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதனான். பிறகு ஒருத்தன் இந்தக் கடையைக் காட்டினான். மீன் கடையிலை வாங்கின இறகெண்டு ஆருக்குச் சொல்லுறது? நல்லூர் எண்டு ஒருக்காச் சொன்னன். பிறகு நிப்பாட்டேலாமல் போச்சு."

அவர் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த மீசையோடு எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"சறோவுக்குச் சொல்லாதையும்" என்றார்.

"நீரும் சொல்லாதையும்."

"அப்ப பூச்சிதான்."

"பூச்சியேதான்."

மறுநாள் கோயிலில், கார் மஃப்ளர் பூட்டும் கடைக்குப் பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில், நடராசா ஆடிய ஆட்டத்தை இந்த ஊர் இன்னும் பேசுகிறது. அரோகராச் சத்தத்துக்கு நடுவே, காவடியின் பின்புறம் கடைச் சீட்டு ஒன்று கழற்றாமல் ஆடுவதைக் கண்டு அபி பாய்ந்துபோய்ப் பிய்த்து எடுத்தாள். பக்தியில் பிள்ளை உருக்கொண்டுவிட்டதென்று இரண்டு பெண்கள் அவளுக்குத் திருநீறு பூசினார்கள். நான் கூப்பிட்டதற்காக மீன்பிடி அங்கியோடும் வெறுங்காலோடும் வந்து நின்ற வால்டர், இவ்வளவு பெரிய பொய்ப்பூச்சியைத் தான் கண்டதில்லை, இதில் என்ன மீன் பிடிபடும் என்று என் காதில் கேட்டான். கனடா பிடிபட்டது என்றேன். அவன் மரியாதையோடு தலையாட்டினான்.

பள்ளியின் கண்காட்சி அடுத்த வாரம். பழைய படிவத்தில் திருநீறு கொட்டிவிட்டதென்று சொல்லி அபி புதிதாக ஒன்று வாங்கி வந்து நிரப்பினாள். அவள் பல் விளக்கப் போன நேரம் பார்த்து எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

தந்தையின் தொழில்: விலங்கியல் ஆசிரியர். இப்போதைக்கு மூடி.